கசப்பை அடக்கும் உப்பு

(பொதுக்காலம் 5-ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு. வாசகங்கள்: எசாயா 58:7-10, 1 கொரிந்தியர் 2:1-5, மத்தேயு 5:13-16)



உப்பைப் பற்றிய நற்செய்தி வாசிக்கப்படும் ஞாயிறன்று சாமியார்கள் கருவாட்டைப் பற்றிப் பேசுவது வழக்கம். உப்பு மீனைக் கெடாமல் காக்கிறது, ஊறுகாயைக் காக்கிறது, நீங்களும் உலகத்தைக் காக்க வேண்டும் என்போம். கடைசியில் ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று பழமொழியையும் சொல்லி முடிப்போம். தவறு ஒன்றும் இல்லை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பேசிவந்தேன். இன்றைக்குக் கருவாட்டை விட்டுவிடுவோம். உப்பு செய்யும் இன்னொரு வேலையைக் காட்ட உங்களை இங்கிலாந்தின் வடக்கே, யார்க்சயர் பக்கத்துச் சமையலறை ஒன்றுக்கு அழைத்துப் போகிறேன். அங்கே சமைப்பது குழம்பு அல்ல, இனிப்பு.

ஆப்பிள் பை என்பதை நம் ஊர் பேக்கரிகளிலும் சிலர் பார்த்திருப்பீர்கள். மைதா மேலோட்டுக்குள் பழத்தை வைத்து மூடி, ஓவனில் சுடும் பண்டம். யார்க்சயர்க்காரர்கள் அதைச் சீஸ் சேர்த்துத்தான் சாப்பிட விரும்புவார்கள். சிலர் பக்கத்தில் ஒரு துண்டு வைத்துக்கொள்வார்கள். சிலர் சுடும்போதே பழத்தின் மேல் சீஸை உதிர்த்துப் போட்டு மூடிவிடுவார்கள். சீஸ் இல்லாத ஆப்பிள் பை அணைப்பு இல்லாத முத்தம் மாதிரி என்று அந்தப் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு. பீடத்துக்கு முன்னால் நின்று சொல்லத் தயங்க வேண்டிய உவமைதான். மணமானவர்கள் புரிந்துகொள்ளுங்கள், மற்றவர்கள் கேட்காததுபோல் இருந்துவிடுங்கள்.

செய்முறை கடினமானதல்ல, ஆனால் பொறுமை வேண்டும். 300 கிராம் மைதாவுக்கு அதில் பாதி, 150 கிராம் வெண்ணெய். வெண்ணெய் குளிர்ந்து இறுகியிருக்க வேண்டும். ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, வெண்ணெயையும் மாவையும் விரல் நுனியால் மட்டும் உதிர்த்து உதிர்த்துக் கலக்க வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் உள்ளங்கையால் அழுத்தினால் காரியம் கெட்டது. தண்ணீரும் அழுத்தமும் சேரும்போது மைதாவிலுள்ள புரதம் இழை இழையாகப் பின்னிக்கொள்ளும். சப்பாத்திக்கு அந்த இழுவை வேண்டும். இதற்கு அது ஆகாது, மேலோடு வாயில் பொடிந்து உதிர வேண்டும். வெண்ணெய் மாவுத் துகள்களின் மேல் படிந்து அந்தப் பின்னலைத் தடுக்கிறது. பிறகு நாலைந்து கரண்டி ஐஸ் தண்ணீர் தெளித்து உருட்டி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். அவசரப்பட்டு உடனே தேய்த்தால் ஓவனுக்குள் போனதும் சுருங்கிவிடும்.

பழம் பிராம்லி ஆப்பிள். நம் கடைகளில் கிடைக்கும் சிவப்பு ஆப்பிளை நினைக்காதீர்கள். இது பச்சை நிறம், நல்ல பருமன், கடித்தால் பல் கூசும் புளிப்பு. சமைப்பதற்கென்றே வளர்க்கும் பழம். சூடு பட்டால் கரைந்து குழைந்துவிடும். ஒரு கிலோ பழத்தைத் தோல் சீவி நறுக்கி, 120 கிராம் சர்க்கரையும் கொஞ்சம் பட்டைத்தூளும் இரண்டு கிராம்பும் சேர்த்து, தேய்த்த மாவின் மேல் பரப்ப வேண்டும். அதன் மேல் 150 கிராம் வென்ஸ்லிடேல் சீஸை உதிர்த்துப் போட வேண்டும். வெள்ளையாக, பொலபொலவென்று, லேசான புளிப்போடு இருக்கும் சீஸ் அது. இன்னொரு வட்ட மாவால் மூடி, ஓரத்தை அழுத்தி, ஆவி வெளியேற நடுவில் கீறிவிட்டு, மேலே பால் தடவி, 200 டிகிரியில் ஏறக்குறைய 40 நிமிடம் வைக்க வேண்டும். வெந்ததும் உடனே வெட்டக்கூடாது. சாறு இறுகும் வரை காத்திருந்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது பரிமாற வேண்டும்.

முதல் முறை சாப்பிடும் நம் ஊர்க்காரருக்கு ஒரு வாய் குழப்பமாக இருக்கும். இரண்டாவது வாயில் தெளிந்துவிடும். பள்ளிக்கூட வாசலில் மாங்காய்க் கீற்றின் மேல் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்று வளர்ந்த நமக்கு அது அந்நியமான ருசி அல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாப்பிடுகிறவர் யாரும் “உப்பு நன்றாக இருக்கிறது” என்று சொல்வதில்லை. “பழம் எவ்வளவு இனிப்பாக இருக்கிறது!” என்றுதான் சொல்வார்கள். சர்க்கரை கூட்டிப் போடவில்லை. பழமும் அதே பழம்தான். பின்னே இந்த இனிப்பு எங்கிருந்து வந்தது?

இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். பிரெஸ்லின், போஷாம் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1997-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். கசப்பும் இனிப்பும் கலந்த ஒரு கரைசலில் சோடியம் உப்பைச் சேர்த்து மனிதர்களுக்குச் சுவைக்கக் கொடுத்தார்கள். கசப்பு குறைந்து தெரிந்தது, இனிப்பு கூடித் தெரிந்தது. அவர்கள் கண்டுகொண்டது இதுதான்: உப்பு இனிப்பைக் கூட்டவில்லை. கசப்பை அடக்கியது. அதுவரை கசப்பின் கீழ் அமுங்கிக் கிடந்த இனிப்பு, தடை விலகியதும் தானாக வெளியே வந்தது. ஆப்பிள் பையிலும் கசப்பு உண்டு. கிராம்பிலும் பட்டையிலும் இருக்கிறது, நன்றாகச் சிவந்த மேலோட்டில் இருக்கிறது. நாக்கு அதைத் தனியாகச் சொல்லாது; ஆனால் அது இனிப்பை மறைத்துக்கொண்டுதான் இருக்கும். சீஸில் உள்ள உப்பு அதை அடக்குகிறது.

சகோதர சகோதரிகளே, இதை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய முதல் வாசகத்துக்கு வாருங்கள். எசாயா என்ன சொல்கிறார்? பசித்தவரோடு உணவைப் பகிர், வீடற்றவருக்கு இடம் கொடு, உடையில்லாதவருக்கு உடுத்து என்கிறார். இவை கொடுக்கும் வேலைகள், நமக்குத் தெரிந்தவை. தவக்காலம் வந்தால் உண்டியல் எடுத்துச் செய்கிறோம். ஆனால் அதோடு அவர் நிறுத்தவில்லை. ஒன்பதாம் வசனத்தில் மூன்று காரியங்களை எடுத்துப் போடச் சொல்கிறார்: நுகம், குற்றம் சொல்ல நீளும் விரல், தீய பேச்சு. இவற்றை உன் நடுவிலிருந்து அகற்று, அப்போது உன் ஒளி இருளில் எழும் என்கிறார். கொடுப்பதைப் போலவே எடுப்பதும் அவருக்கு முக்கியம். நம் பங்குகளில் கொடுப்பதற்குச் சங்கங்கள் நிறைய இருக்கின்றன. எடுத்துப் போடுவதற்கு ஒரு சங்கமும் இல்லை.

நுகம் என்றால் என்ன? நம் தெருவில் பாருங்கள். மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடனுக்கு அசலைப் போல இரு மடங்கு வட்டி கட்டிய பிறகும் கடன் தீராத குடும்பம் இருக்கிறது. அந்த வட்டியை வாங்குகிறவரும் ஒருவேளை இதே கோவிலில், முன் வரிசையில் இருக்கலாம். நான் யாரையும் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் அன்று கேக் கொடுத்து அனுப்புவது இனிப்பு. வட்டியைத் தள்ளிவிடுவது உப்பு. கேக்கைத் தின்ற மறுநாளும் அந்த வீட்டில் கசப்புதான் இருக்கும்.

நீளும் விரலை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தேறாத பையன் ஒருவன் இருக்கிறான். அவன் அறிவில்லாதவன் அல்ல. கை வேலையில் கெட்டிக்காரன், பாட்டுக்குரல் உள்ளவன், பாட்டியைத் தூக்கி உட்கார வைத்துச் சோறு ஊட்டுகிறவன். ஆனால் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு மாமாவும் ஒவ்வொரு அத்தையும் முதலில் கேட்கும் கேள்வி மதிப்பெண்தான். அவனிடமுள்ள இனிமையெல்லாம் அந்த ஒரு கேள்வியின் கீழ் அமுங்கிக் கிடக்கிறது. அவனுக்கு நீங்கள் புதிதாக எதையும் கொடுக்க வேண்டாம். அறிவுரை வேண்டாம், புகழ்ச்சிகூட வேண்டாம். அந்தக் கேள்வியை மட்டும் கேட்காமல் இருங்கள். மற்றவர் கேட்கும்போது பேச்சை மாற்றி விடுங்கள். பிள்ளை எப்படி மலர்கிறான் என்று பிறகு பாருங்கள். குழந்தை பிறக்காத மருமகளுக்கும் இதுவே பொருந்தும். திருமணம் தள்ளிப்போகிற மகளுக்கும்.

மூன்றாவது தீய பேச்சு. அன்பியக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுகிறேன். உப்பு கசப்புள்ள பொருளை அழிப்பதில்லை. கிராம்பு கிராம்பாகவே பையில் இருக்கிறது. அதன் ஆதிக்கம்தான் குறைகிறது. புற்றுநோயுள்ள வீட்டுக்கு நீங்கள் போய்வந்தால் நோய் போய்விடாது. கணவரை இழந்தவருக்குக் கணவர் திரும்பி வரமாட்டார். ஆகவே, துக்க வீட்டில் போய்க் கசப்பே இல்லை என்று சாதிக்காதீர்கள். ‘ஆண்டவர் தமக்குப் பிடித்தவர்களைச் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்’, ‘எல்லாம் நன்மைக்கே’ என்றெல்லாம் நாம் சொல்கிறோமே, அது இனிப்பு தவறான இடத்தில் விழுவது. நீதிமொழிகள் நூல் 25-ஆம் அதிகாரம் இதைக் கடுமையாகவே பேசுகிறது: துயருற்ற உள்ளத்துக்கு முன்னால் பாட்டுப் பாடுவது, குளிர்காலத்தில் ஒருவரின் மேலாடையைப் பறிப்பதற்குச் சமம் என்கிறது. யோபுவின் நண்பர்களை நினைத்துப் பாருங்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அந்த ஒரு வாரம்தான். வாயைத் திறந்த பிறகு பேசியது நீண்ட பேச்சு, கடைசியில் கடவுளே அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

லேவியர் நூலின் இரண்டாம் அதிகாரத்தை எத்தனை பேர் வாசித்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. மாவு கொண்டு செலுத்தும் காணிக்கையைப் பற்றியது. மைதா போன்ற மெல்லிய மாவு, எண்ணெய், அடுப்பில் சுட்ட அப்பம் என்று ஒரு சமையல் குறிப்பு போலவே இருக்கும். அதில் ஒரு விதி: தேனை நெருப்புப் பலியாக எரிக்கக்கூடாது. இரண்டு வசனம் தள்ளி இன்னொரு விதி: எந்தக் காணிக்கையிலும் உப்பு இல்லாமல் இருக்கக்கூடாது, அது உடன்படிக்கையின் உப்பு. தேனில்லாமல் பீடத்துக்கு வரலாம், உப்பில்லாமல் வரக்கூடாது. தேனை ஏன் விலக்கினார்கள் என்பதற்கு விளக்கங்கள் பல இருக்கின்றன. எனக்கு இந்த அளவு போதும்: கடவுள் தம் மக்களிடம் கேட்டு வாங்குகிற சுவை உப்பு. ஆண்டவர் இயேசு மலைமேல் அமர்ந்து தம் சீடரைப் பார்த்து எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதும் அதற்குப் பிறகு நமக்கு வியப்பாக இருக்காது.

அளவைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் இதில்தான் பக்தியுள்ளவர்கள் சறுக்குகிறோம். அமெரிக்காவில் வெர்மான்ட் என்றொரு சிறிய மாநிலம். ஆப்பிளும் சீஸும் அங்கே ஊருக்குப் பெருமை. 1999-இல் ஆப்பிள் பையை மாநிலத்தின் பை என்று சட்டமாகவே இயற்றினார்கள். அதைப் பரிமாறும்போது குளிர்ந்த பாலோ, செடார் சீஸோ, வெனிலா ஐஸ்கிரீமோ சேர்த்துக் கொடுக்க நல்ல மனத்தோடு முயல வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டமன்றத்துக்கு இதைவிட முக்கிய வேலை இல்லையா என்று நமக்குத் தோன்றும். எனக்குப் பிடித்தது அதில் உள்ள அளவு. சீஸ் குறைந்தது அரை அவுன்ஸ் இருக்க வேண்டும். அதாவது 14 கிராம். அந்தச் சீஸில் உள்ள உப்பைப் பிரித்தெடுத்தால் ஏறத்தாழ கால் கிராம்தான் தேறும். ஒரு முழுத் துண்டுப் பைக்கு அவ்வளவுதான்.

‘மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுவேன், எனக்கு ஒளிவுமறைவு கிடையாது’ என்று பெருமைப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். உண்மையைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டால் அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுதான். குடித்துவிட்டு வரும் மகனிடம் தகப்பன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சொல்லாமல் இருப்பது பாவம். ஆனால் அதை ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் சொன்னால் வீட்டில் சாப்பாடே இறங்காது. பவுல் கொலோசையருக்கு எழுதும்போது, உங்கள் பேச்சில் அருளும் இருக்கட்டும், உப்பும் இருக்கட்டும் என்ற கருத்தில் சொல்கிறார் (4:6). இரண்டாம் வாசகத்திலும் அதே மனிதரைத்தான் பார்க்கிறோம். கொரிந்து நகரத்துக்கு நாவன்மையோடு வரவில்லை, வலுவின்மையோடும் அச்சத்தோடும் நடுக்கத்தோடும் வந்தேன் என்கிறார். சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தார். பேச்சுத் திறமையை விலை கொடுத்து வாங்கிய ஊரில் அப்படிப் போய் நிற்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

சாப்பிடுகிறவர் யாரும் உப்பைப் பாராட்டுவதில்லை என்றேன். அந்தப் பையில் உள்ள சீஸின் கதையே அப்படித்தான். வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் அதைச் செய்யத் தொடங்கியவர்கள் 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்த சிஸ்டர்சியன் துறவிகள் என்பது அந்தப் பகுதியின் வரலாறு. 1156-இல் ஜெர்வோ என்ற இடத்தில் மடத்தை அமைத்தார்கள். முதலில் செம்மறி ஆட்டுப்பாலில், பின்னாளில் பசும்பாலில் சீஸ் செய்தார்கள். மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில், 1537-இல், மடம் பறிக்கப்பட்டது. மடத்தலைவர் ஆடம் செட்பர் மரணதண்டனை பெற்றார். துறவிகள் சிதறிப்போனார்கள். இன்று அங்கே இடிந்த சுவர்களைத்தான் பார்க்க முடியும். ஆனால் சுற்றியிருந்த பண்ணை வீட்டுப் பெண்கள் சீஸ் செய்வதை விடவில்லை. கடைக்குப் போய் வென்ஸ்லிடேல் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் துறவிகளை நினைப்பதில்லை. துறவிகளும் அதை எதிர்பார்த்துச் செய்திருக்க மாட்டார்கள்.

பழத்தின் கதை இன்னும் அழகு. 1809-ஆம் ஆண்டு நாட்டிங்காம்சயரில் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற இளம்பெண் ஆப்பிள் விதைகளை நட்டாள். ஒன்று முளைத்து மரமானது. அவள் மணமாகி, அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டாள். 1846-இல் மேத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர் அந்த வீட்டை வாங்கினார். பத்தாண்டு கழித்து ஹென்றி மெரிவெதர் என்ற இளைஞர் அந்தப் பழத்தைக் கண்டு, ஒட்டுக்கட்டி விற்கக் குச்சி கேட்டார். பிராம்லி சம்மதித்தார், ஆனால் பழத்துக்குத் தம் பெயரை வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அப்படித்தான் அது பிராம்லி ஆனது. விதை போட்டவள் 1852-லேயே இறந்துவிட்டாள். தான் நட்ட விதை என்ன ஆயிற்று என்பது அவளுக்குத் தெரியாமலே போயிற்று. உங்கள் நற்செயல்களைக் கண்டு மக்கள் புகழ வேண்டியது விண்ணகத் தந்தையை என்று இயேசு சொல்கிறார். நன்கொடை கொடுத்த மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதுகிற நமக்கு இது கொஞ்சம் சங்கடமான வசனம்தான்.

இன்னும் சில நாள்களில் சாம்பல் பூசித் தவக்காலத்தைத் தொடங்குவோம். இறைச்சியை விடுவோம், பூ வைப்பதை விடுவோம், சிலர் இனிப்பையும் விடுவார்கள். அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அன்பியத்தில் மற்றவர்கள் போகத் தயங்குகிற ஒரு வீடு இருக்கும். கடன்பட்ட வீடாக இருக்கலாம், மகள் வேறு மதத்தில் திருமணம் செய்துகொண்ட வீடாக இருக்கலாம், இறப்பு நடந்து ஒரு மாதமாகி எல்லாரும் மறந்துவிட்ட வீடாக இருக்கலாம். இந்த வாரம் அங்கே போங்கள். அறிவுரை சொல்லப் போகாதீர்கள், கையில் பலகாரம்கூட வேண்டாம். அவர்கள் கழுத்தில் ஊர் ஏற்றி வைத்திருக்கும் எதையாவது, உங்களால் எடுக்க முடிந்ததை, எடுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். வட்டி வாங்குகிறவர்கள் வட்டியை விட்டுவிடுங்கள். பழி சொன்னவர்கள் போய் மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த ஞாயிறு பூசைக்கு வரும்போது அந்த வீட்டாரையும் உங்களோடு அழைத்து வாருங்கள். உங்கள் வரிசையிலேயே உட்கார வையுங்கள்.

எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.